சோற்றுக்கற்றாழையும் தோல் தொல்லைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கற்றாழையில் தோலுக்குப் பூச வேண்டியது எந்தப் பகுதி?

மடலைக் குறுக்கே வெட்டினால் மூன்று பகுதிகள் தெரியும். வெளியே தடித்த பச்சைத் தோல். அதை ஒட்டியபடி உள்ளே நுண்ணிய குழாய்கள். வெட்டியதும் மஞ்சளாக, கடும் கசப்போடு வடிகிற பால் இவற்றிலிருந்துதான் வருகிறது. நடுவே நிறமில்லாத, வழவழப்பான சோறு. தோலுக்கு வேண்டியது இந்தச் சோறு மட்டும்தான்.

சோற்றில் 98 முதல் 99 சதவீதம் வரை தண்ணீர். எஞ்சிய சிறு பங்கில் முக்கியமானது அசிமன்னான் என்கிற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. ஈரத்தைப் பிடித்துவைப்பதும், தோல் மீது மெல்லிய படலமாகக் காய்வதும் இதன் வேலை. சோறு இலேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவு 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். நம் தோலின் மேற்பரப்பும் ஏறத்தாழ அதே அளவுதான்.

மஞ்சள் பாலில் அலோயின், அலோ-எமோடின் போன்ற பொருள்கள் உண்டு. அதைக் காய்ச்சி இறுக்கினால் கிடைப்பதுதான் மூசாம்பரம். பேதிக்குப் பயன்பட்ட சரக்கு அது. முகத்துக்கு உகந்தது அல்ல. ‘கற்றாழை பூசினேன், அரித்துவிட்டது’ என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மஞ்சள் பாலை வடித்தீர்களா என்பதே.

வீட்டில் இருக்கும் செடி சோற்றுக்கற்றாழைதான் என்று எப்படி உறுதி செய்வது?

சோற்றுக்கற்றாழைக்குத் தண்டு மிகக் குட்டை. தரையிலிருந்தே மடல்கள் விரிந்து நிற்பதுபோல இருக்கும். மடல் சாம்பல் கலந்த பச்சை, விளிம்பில் சின்னச் சின்ன வெளிறிய முட்கள். இளம் மடல்களில் வெண்புள்ளிகள் இருக்கலாம். பூ மஞ்சள் நிறத்தில் குழல் வடிவில் தொங்கும்.

குழப்பம் வருவது ஆனைக்கற்றாழையோடு. அதன் மடல் நுனியில் ஊசிபோன்ற கெட்டி முள் இருக்கும். உடைத்தால் வழவழப்பான சோற்றுக்குப் பதிலாக நார் வரும். அதன் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி வடிவில் இருப்பதால், பட்ட இடத்தில் எரிச்சலும் தடிப்பும், சில சமயம் கொப்புளமும் உண்டாகும். மடலைக் கிழிக்கும்போது நார் நாராக இழுபட்டால் தோலில் பூசாதீர்கள். அழகுக்கு வளர்க்கிற வேறு கற்றாழை இனங்களையும் ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று பயன்படுத்த வேண்டாம்.

சோற்றை எடுக்கும் சரியான முறை என்ன?

இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்த செடியில், அடிவரிசையில் உள்ள முதிர்ந்த, தடித்த மடலைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் இருக்கும் குருத்து மடலில் சோறு குறைவு. அதை வெட்டினால் செடியும் தேங்கிவிடும்.

கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மடலை அடியோடு ஒட்ட வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் சாய்த்து நிறுத்துங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் மஞ்சள் பாலின் பெரும்பகுதி வடிந்துவிடும். அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டினால் பின்னால் எவ்வளவு கழுவினாலும் கசப்பு முழுவதும் போகாது. வடிந்த பின் மடலை ஓடும் நீரில் கழுவி, அடிப்பக்கத்தில் வெளிறிய பகுதியில் இரண்டு விரற்கடை அளவு வெட்டி எறியுங்கள். அங்கேதான் பால் அதிகம் தேங்கும்.

பிறகு இரு ஓர முட்களையும் சீவிவிட்டு, மடலைப் படுக்கவைத்து மேல்தோலைச் சீவுங்கள். தோலோடு ஒட்டிக் கொஞ்சம் சோறு போனால் போகட்டும். தோலைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தால் அதிகம் கிடைப்பது சோறல்ல, பச்சைத் தோலுக்கு அடியில் இருக்கும் அந்தக் குழாய்கள்தான். சோற்றுக் கட்டியில் மஞ்சள் கோடோ பச்சைத் துணுக்கோ தெரிந்தால் செதுக்கி நீக்குங்கள். கடைசியாகச் சுத்தமான நீரில் ஒருமுறை, தேவையானால் இரண்டு முறை அலசுங்கள். வழவழப்பு முழுக்கப் போகும்வரை ஏழெட்டு முறை கழுவுவது தேவையில்லை. கரைந்து போவது நமக்கு வேண்டிய சர்க்கரைப் பொருளும்தான்.

மிக்ஸியில் போடுவதானால் சில நொடிகள் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் நுரைதான் மிஞ்சும். ஒருமுறை முகத்துக்குப் பூச ஒரு தேக்கரண்டி போதும். அதற்கு ஒரு முழு மடலை அரைக்க வேண்டாம்.

எடுத்த சோறு எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில், குளிர்சாதனப் பெட்டியில் 3 முதல் 5 நாள். வெளியே வைத்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். தண்ணீரும் சர்க்கரையும் கலந்த பொருள் என்பதால் கிருமிகளுக்கு நல்ல தீனி. பதப்படுத்தும் பொருள் ஏதும் அதில் இல்லை. நீர்த்துப்போதல், புளித்த வாசனை, நிறம் சிவந்தோ பழுப்பாகவோ மாறுதல் ஆகியவை கெட்டதன் அறிகுறிகள். வெட்டிய சிறிது நேரத்தில் இளஞ்சிவப்பாவது காற்றுபட்டதால் நேரும் மாற்றமாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டில் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. எறிந்துவிடுவதே சரி.

பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் சில வாரங்கள் தாங்கும். உறைந்த கட்டியை நேராகத் தோலில், குறிப்பாகத் தீக்காயத்தில் தேய்க்கக் கூடாது. ஒரு கிண்ணத்தில் வைத்து உருகவிட்டுப் பூசுங்கள்.

முதன்முறை பூசுபவர் ஒவ்வாமையை எப்படிச் சோதிப்பது?

முழங்கையின் உட்பக்கத்தில் நாணய அகலத்துக்குப் பூசி 15 நிமிடம் கழித்துக் கழுவுங்கள். இதையே தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் செய்யுங்கள். ‘ஒரு மணி நேரம் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது பாதிச் சோதனைதான். எரிச்சல் உடனே தெரியும். ஆனால் தொடு ஒவ்வாமை தலைகாட்ட 2 முதல் 3 நாள் ஆகும், சில நேரம் பலமுறை பட்ட பிறகுதான் வெளிப்படும். வெங்காயம், பூண்டு, லில்லி வகைப் பூக்கள் பட்டால் தோல் அரிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

தீக்காயத்துக்குக் கற்றாழை போடலாமா?

போடலாம், ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, சுட்ட இடத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுவது. பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, எண்ணெய், வெண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். தோலில் தங்கிய சூட்டை இறக்குவது ஓடும் நீர். கற்றாழையை முதலிலேயே அப்பினால் அந்த இருபது நிமிடம் வீணாகிறது.

குளிர்வித்த பிறகு தோல் சிவந்து மட்டும் இருந்தால் மெல்லிய பூச்சாக நாளுக்கு இரண்டு மூன்று முறை போடலாம். கொப்புளம் உடையாமல் இருந்தால் அதைச் சுற்றிப் பூசலாம். கொப்புளத்தைக் குத்தக் கூடாது. உடைந்து தோல் உரிந்த இடத்தில் வீட்டில் வெட்டிய மடலைப் போட வேண்டாம். மண்ணும் கிருமியும் ஒட்டிய செடி அது.

தீக்காயத்தில் கற்றாழையின் பயனைக் காட்டும் ஆய்வுகள் உண்டு. 2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நான்கு ஆய்வுகளில் 371 பேரின் முடிவுகளைப் பார்த்தது. மற்றச் சிகிச்சைகளைவிடச் சராசரியாக ஏறக்குறைய 9 நாள் முன்னதாகக் காயம் ஆறியதாக அதில் தெரிந்தது. ஆனால் அவை முதல், இரண்டாம் நிலைத் தீக்காயங்கள். ஆய்வுகளில் பயன்பட்ட தயாரிப்புகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. எனவே ‘எந்தத் தீக்காயமானாலும் கற்றாழை’ என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

பாதிக்கப்பட்டவரின் விரல் சேர்ந்த உள்ளங்கை உடம்பின் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். அதைவிடப் பெரிய காயம், முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்களில் பட்ட காயம், மின்சாரத்தாலோ ரசாயனத்தாலோ நேர்ந்த காயம், வெளுத்தோ கருகியோ வலியே தெரியாத காயம் எல்லாம் மருத்துவமனைக்குரியவை. வலி இல்லையே என்று நிம்மதி அடைவதுதான் இதில் ஆபத்து. நரம்பு நுனிகள் வரை எரிந்தால் வலிக்காது.

வெயிலில் கன்றிய தோலுக்கு?

குளுமை தரும், இறுக்கம் குறையும். அவ்வளவுதான். 2005-இல் தாய்லாந்தில் 20 பேரிடம் நடந்த ஆய்வில், கற்றாழைக் களிம்பு வெயில் கன்றலைத் தடுக்கவும் இல்லை, ஆற்றவும் இல்லை. வெளியே போகும் முன் பூசிக்கொண்டு அதையே சன்ஸ்கிரீனாக நம்புவது தவறு. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2010-இல் வெளியிட்ட எலி ஆய்வில், கற்றாழைச் சோறு பூசிய தோலில் புற ஊதா ஒளியின் கட்டி உண்டாக்கும் விளைவு இலேசாகக் கூடியது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் இரவில் பூசிக் காலையில் கழுவிவிடுவதில் இழப்பு ஏதும் இல்லை.

முகப்பருவுக்குப் பயன் உண்டா?

தனியாகப் பூசினால் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம். பரு உண்டாவது எண்ணெய்ச் சுரப்பி, அடைபட்ட துளை, கிருமி, வீக்கம் நான்கும் சேர்ந்து. கற்றாழை தொடுவது கடைசியில் சொன்ன வீக்கத்தை மட்டும், அதுவும் இலேசாக.

துணையாகச் சேர்க்கும்போது கதை வேறு. ஈரானில் 60 பேரிடம் 8 வாரம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், பருவுக்குப் பூசும் மருந்தான டிரெட்டினாயினோடு (0.05 சதவீதம்) 50 சதவீதக் கற்றாழை ஜெல் சேர்த்தவர்களுக்கு, டிரெட்டினாயின் மட்டும் போட்டவர்களைவிடப் பருவும் குறைந்தது, சிவப்பும் குறைந்தது. டிரெட்டினாயின் எரிச்சல் தாங்காமல் இரண்டே வாரத்தில் மருந்தைக் கைவிடுகிறவர்களுக்கு இது உண்மையான உதவி. மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கரும்புள்ளி, மங்கு மறையுமா? நிறம் கூடுமா?

கற்றாழையில் உள்ள அலோயின், அலோசின் இரண்டும் நிறமி உருவாக்கத்தைக் குறைப்பதாக ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். வீட்டுச் சோற்றில் அலோயினைத்தான் நாம் வடித்துக் கொட்டுகிறோம், கொட்டவும் வேண்டும். மங்குக்கு முதல் மருந்து, தினமும் தவறாத வெயில் பாதுகாப்பு. பூசியதும் முகம் பளிச்சென்று தெரிவது ஈரம் ஏறியதால். சில மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும்.

வறண்ட தோல், கரப்பான் (எக்ஸிமா) உள்ளவர்கள்?

இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். கற்றாழை தண்ணீர் நிறைந்த பொருள், எண்ணெய்ப்பசை இல்லை. பூசிய நிமிடத்தில் குளிர்ச்சியாக இருக்கும், காய்ந்ததும் தோல் முன்னிலும் இறுகும். அதனால் சோற்றை மெல்லியதாகப் பூசி, முழுதும் காய்வதற்கு முன்பே மேலே கெட்டியான ஈரப்பூச்சோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூச வேண்டும். வெடித்து நீர் கசியும் கரப்பானில் பூச வேண்டாம். தோலின் அரண் ஏற்கெனவே உடைந்திருப்பதால் ஒவ்வாமை தொற்றிக்கொள்ள அது வசதியான நிலை. ஆல்கஹால் கலந்த கடை ஜெல்லை கரப்பானில் போட்டால் எரிந்து தள்ளும்.

சொரியாசிஸ் குணமாகுமா?

குணமாகாது. செதிலும் அரிப்பும் குறையுமா என்பதில்கூட ஆய்வுகள் நேர்மாறாகப் பேசுகின்றன. 1996-இல் 60 பேரிடம் நடந்த ஆய்வில், 0.5 சதவீதக் கற்றாழைக் களிம்பு பூசியவர்களில் 83 சதவீதம் பேருக்குப் படைகள் ஆறின. வெறும் களிம்பு பூசியவர்களில் 7 சதவீதம் பேருக்கு மட்டும். 2005-இல் டென்மார்க்கில் 41 பேரின் உடம்பில் ஒரு பக்கம் கற்றாழை ஜெல்லும் மறுபக்கம் கற்றாழை இல்லாத போலி ஜெல்லும் பூசிப் பார்த்தார்கள். நான்கு வாரத்தில் கற்றாழைப் பக்கம் 72.5 சதவீதமும் போலிப் பக்கம் 82.5 சதவீதமும் தேறின. போலிதான் ஜெயித்தது. முதல் ஆய்வை மட்டும் எடுத்துக்காட்டி விற்பவர்களிடம் இரண்டாவதைக் கேளுங்கள். இதமாக இருந்தால் பூசுங்கள். மருத்துவர் தந்த களிம்பை அதற்காக நிறுத்தாதீர்கள்.

படர்தாமரை, சேற்றுப்புண்?

வேண்டாம். இரண்டும் பூஞ்சைத் தொற்று, வேண்டியது பூஞ்சைக்கொல்லி. கற்றாழை அரிப்பைத் தணித்து ‘ஆறுகிறது’ என்று தோன்ற வைக்கும், வளையம் அதற்குள் அகலமாகிவிடும். மடிப்புகளில் ஈரத்தைக் கூட்டுவதும் பூஞ்சைக்குச் சாதகம்.

பொடுகுக்குத் தலையில் தேய்க்கலாமா?

இலேசான பொடுகுக்கும் எண்ணெய்ச் செதிலுக்கும் ஓரளவு உதவும். 44 பேரிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், 30 சதவீதக் கற்றாழை கலந்த பூச்சுமருந்தை 4 முதல் 6 வாரம் பூசியபோது செதிலும் அரிப்பும் குறைந்தன. தலையில் தேய்த்து அரை மணி நேரத்தில் அலசிவிடுங்கள். நார்த்துணுக்கு முடியில் ஒட்டாமல் இருக்க முன்னதாக வடிகட்டிக்கொள்ளுங்கள். முடி வளரும் என்ற பேச்சுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

வெட்டுக்காயம், தையல், சர்க்கரை நோயாளியின் காலில் புண்?

மூன்றிலும் தவிர்க்கவும். சிராய்ப்பு, சவரக் கீறல் போன்ற மேலோட்டமானவற்றுக்குச் சுத்தமான ஜெல் பூசலாம். ஆழமான காயத்தில் நிலைமை தலைகீழ். வயிற்று அறுவைக்குப் பின் பிரிந்து, திறந்தநிலையில் ஆறிவந்த காயங்களைக் கொண்ட 21 பெண்களை வைத்து 1991-இல் ஓர் ஆய்வு வெளியானது. வழக்கமான பராமரிப்பில் சராசரியாக 53 நாளில் ஆறிய காயம், கற்றாழை ஜெல் சேர்த்தபோது 83 நாள் எடுத்தது. சர்க்கரை நோயாளியின் பாதப்புண்ணில் உணர்வு குறைந்திருக்கும், ரத்த ஓட்டமும் குறைவு. வீட்டு மருந்தில் கழியும் ஒரு வாரம் விரலையே இழக்கவைக்கலாம்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களும் தாமாகப் பூச வேண்டாம். 1996-இல் வெளியான ஆய்வில் 194 பெண்களிடம் சோதித்தும் தோல் பாதிப்பைக் கற்றாழை தடுக்கவில்லை. கதிர்வீச்சுப் பிரிவில் என்ன பூசச் சொல்கிறார்களோ அதுவே போதும்.

கடையில் வாங்கும் ஜெல்லில் எதைப் பார்க்க வேண்டும்?

‘100 சதவீதம்’ என்ற முகப்பு எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் இருக்கும். கற்றாழைச் சாறு முதலிலோ இரண்டாவதிலோ இல்லாமல் நறுமணத்துக்குப் பக்கத்தில் இருந்தால், நீங்கள் வாங்குவது கெட்டிப்படுத்திய தண்ணீர். பச்சை நிறம் இருந்தால் அது சாயம். சோற்றுக்கு நிறம் இல்லை. ஆல்கஹால், நறுமணம், மென்தால் மூன்றும் இல்லாதது தோல் நோய் உள்ளவர்களுக்கு நல்லது. பதப்படுத்தும் பொருள் இருப்பது குறை அல்ல. இல்லாத ஜெல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும். தூளாக விற்பவற்றில் மால்டோடெக்ஸ்டிரின் என்கிற மலிவான மாவுப்பொருளைக் கலப்பது தெரிந்த மோசடி. தோல் பூச்சுப் பொருள்களில் அலோயின் வகையறா பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது துறையில் ஏற்றுக்கொண்ட வரம்பு.

எலுமிச்சை, மஞ்சள், சமையல் சோடா, வைட்டமின் ஈ மாத்திரை சேர்க்கலாமா?

எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் மாதக்கணக்கில் மறையாத கறையும் வரலாம். சமையல் சோடா காரம். தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குலைக்கும். வைட்டமின் ஈ சிலருக்குத் தொடு ஒவ்வாமை தருவது. மஞ்சள்தூள், கறை பிடிப்பதைத் தவிரப் பெரிதாகக் கெடுக்காது, பெரிதாகப் பலன் கொடுக்கவும் செய்யாது. கலக்கும் பொருள் கூடக்கூட, அரித்தால் எது காரணம் என்று கண்டுபிடிப்பதும் கடினமாகும்.

மருத்துவர் தந்த ஸ்டீராய்டு களிம்போடு சேர்த்துப் பூசலாமா?

கேட்காமல் வேண்டாம். கற்றாழை மற்ற மருந்துகள் தோலுக்குள் ஊடுருவும் அளவைக் கூட்டக்கூடும். முகம், அக்குள், தொடை இடுக்கு போன்ற மெல்லிய தோலில் இது முக்கியம். இரண்டையும் பயன்படுத்தச் சொல்லியிருந்தால் வேறு வேறு வேளையில் பூசுங்கள்.

குடித்தால் தோல் பொலிவாகுமா?

தோலுக்காகக் குடிக்கத் தேவையில்லை. மஞ்சள் பால் கலந்த சாறு வயிற்று வலி, பேதி, பொட்டாசியக் குறைவு தரும். நீண்ட நாள் குடித்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். கற்றாழைப் பேதி மருந்துகளுக்குப் பாதுகாப்புச் சான்று போதாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002-இல் அவற்றைச் சந்தையிலிருந்து நீக்கவைத்தது. தோலோடு அரைத்த முழு மடல் சாறு ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை’ என்ற 2பி பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையால் சேர்க்கப்பட்டிருக்கிறது. கர்ப்பிணிகள் குடிக்கவே கூடாது.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மேலுக்குப் பூசலாமா?

கர்ப்பிணிகள் மஞ்சள் பால் நீக்கிய சோற்றைச் சிறு பரப்பில் பூசலாம். பால் கொடுப்பவர்கள் முலைக்காம்பில் பூச வேண்டாம். கசப்பும் பேதியும் குழந்தைக்குப் போகும். கைக்குழந்தையின் தோல் மெல்லியது, விரலை வாயில் வைக்கும். மருத்துவர் சொல்லாமல் தேவையில்லை. நாய், பூனை வளர்ப்பவர்கள் அவை நக்காத இடத்தில் பூசிக்கொள்ளுங்கள். மடலைக் கடித்தால் அவற்றுக்கும் வாந்தியும் பேதியும் வரும்.

பூசிய இடம் எரிகிறது. என்ன செய்வது?

உடனே ஓடும் நீரில் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் அடங்கும் இலேசான சுள்ளென்ற உணர்வு, சிராய்ந்த தோலில் அமிலம் பட்டதால் வரக்கூடியது. கழுவிய பின்னும் சிவந்து, தடித்து, அரித்தால் மறுபடி பூசிச் சோதிக்க வேண்டாம். குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். இரண்டு நாளில் குறையாவிட்டாலோ கொப்புளம், சீழ், காய்ச்சல் வந்தாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். பூசிய ஜெல்லையோ செடியின் படத்தையோ கூடவே எடுத்துப்போனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது. உதடு, கண்ணிமை வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.